கீபோர்டு ஃப்ரீ, கைவலி தனி

வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்குவதென்று முடிவு செய்துவிட்டீர்கள். நல்ல முடிவு. கையில் அறுபதாயிரம் ரூபாய், மனசில் கொஞ்சம் அவசரம், இவை இருந்தால் போதும். வேறு தகுதி எதுவும் தேவையில்லை. கீழே உள்ள படிகளை வரிசையாகப் பின்பற்றுங்கள். பாதிக்கு மேல் நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவைதான். அவற்றை இன்னும் முறையாகச் செய்யப் பழக்குவதே இந்த வழிகாட்டியின் வேலை.

ஒரே ஒரு விதியை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: பெட்டிக்குள் மூடிக் கிடக்கப்போகும் பொருளுக்குப் பணத்தைக் கொட்டுங்கள்; தினமும் கை படப்போகும் பொருளுக்குப் பேரம் பேசுங்கள். மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

1. ஆலோசகரைப் பிடியுங்கள்

அக்கா பையனைக் கூப்பிடுங்கள். சிவில் இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறானா? பரவாயில்லை, இன்ஜினீயரிங் என்றால் இன்ஜினீயரிங்தான். கம்ப்யூட்டரில் உங்களுக்கு என்ன வேலை என்று அவன் கேட்க மாட்டான். நீங்களும் வாய் திறக்காதீர்கள். கரண்ட் பில் கட்டுவது, யூடியூபில் பழைய பாட்டு, மகளின் ஆன்லைன் வகுப்பு, அபார்ட்மென்ட் சங்கத்துக்கு ஒரு எக்செல் கணக்கு என்று உண்மையைச் சொல்லிவிட்டால் பாதி விலையில் காரியம் முடிந்துவிடும் அபாயம் இருக்கிறது.

"மாமா, ஐ7-க்குக் கீழ எடுக்காதீங்க" என்பான். தலையாட்டுங்கள். எந்தத் தலைமுறை ஐ7 என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். இன்டெல் முதல் ஐ7-ஐ வெளியிட்டது 2008 நவம்பரில். 2022-ல் வந்த பன்னிரண்டாம் தலைமுறை ஐ3, அந்த ஐ7-ஐச் சத்தமில்லாமல் ஓரங்கட்டிவிடும். அதெல்லாம் நமக்கெதற்கு? மூன்றைவிட ஏழு பெரியது என்று ஒன்றாம் வகுப்பிலேயே படித்தாகிவிட்டது. ஏதோ ஒரு ஆபீஸ் கழித்துப்போட்ட மெஷினைத் துடைத்து, மேலே புது ஸ்டிக்கர் ஒட்டி, "ஐ7 சார், உங்களுக்காக இந்த ரேட்" என்று ஒருவர் நீட்டும்போது இந்தக் கல்வி கைகொடுக்கும்.

2. ரிச்சி தெருவுக்குப் போங்கள்

சென்னைக்காரர்களுக்கு இந்தப் படி சுலபம். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்புங்கள். பத்தடி போவதற்குள் "என்ன சார் பாக்கறீங்க, லேப்டாப்பா, சிசிடிவியா?" என்று ஒரு குரல் வரும். முதலில் கூப்பிட்டவர் பின்னாலேயே போய்விடுங்கள். நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்பது அவரை அவமதிப்பதாகும். ஒரு ஆள் மட்டுமே ஏறக்கூடிய மாடிப்படி, மேலிருந்து இறங்கி வருகிறவருக்காகச் சுவரோடு ஒட்டி நிற்பது, பிறகு ஒரு சின்ன அறை, அதில் கூரை வரை அட்டைப்பெட்டி. இடம் இதுதான்.

அவர் ஒரு துண்டுத்தாளில் கொட்டேஷன் எழுதுவார். பிராசஸர், போர்டு, ரேம், எஸ்எஸ்டி, மானிட்டர் என்று வரிசையாக இறங்கும். கேபினெட்டுக்குப் பக்கத்தில் "எஸ்எம்பிஎஸ் உடன்" என்று இருக்கும். அந்த வரியில் நிற்காதீர்கள். மொத்த மெஷினுக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் உறுப்பு அதுதான். மட்டமானதாக இருந்தால் போகும்போது போர்டையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போகும். "450 வாட்" என்று மேலே எழுதியிருக்கிறதா? எழுதியிருக்கிறது. எழுதியவர் பொய்யா சொல்வார்?

தாளின் கடைசி வரிக்கு வாருங்கள். "கீபோர்டு, மவுஸ் – ஃப்ரீ." இங்கே உங்கள் முகம் மலர வேண்டும்.

"பில்லோடயா, பில் இல்லாமலா?" என்று கேட்பார். பதினெட்டு சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று கணக்குப் போட்டு, பில் வேண்டாம் என்று சொல்லுங்கள். வாரண்டிக்கு விசிட்டிங் கார்டின் பின்பக்கம் தேதி போட்டு ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கார்டை மணிபர்ஸில் வையுங்கள். மூன்றாம் மாதம் மழையில் நனைந்துவிடும்.

3. வெளிச்சம் போடுங்கள்

மிச்சம் பிடித்த காசில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வாங்குங்கள். எக்செல் கட்டங்கள் இன்னும் கட்டமாகத் தெரியும். வண்ண விளக்கு எரியும் ஃபேன் மூன்று போடச் சொல்லுங்கள். வீட்டுக்கு வருகிற சம்பந்திக்கு வேகத்தைக் காட்ட முடியாது, விளக்கைக் காட்டலாம்.

வீட்டுக்கு வந்ததும் மானிட்டர் ஒயரை மெஷினின் பின்பக்கம் சொருக வேண்டும். அங்கே இரண்டு இடத்தில் ஒரே மாதிரி ஓட்டை இருக்கும். ஒன்று மதர்போர்டில், இன்னொன்று கீழே கிராஃபிக்ஸ் கார்டில். மேலே இருப்பதில் சொருகுங்கள். படம் வந்துவிடும். இருபத்தைந்தாயிரம் ரூபாய்க் கார்டு ஒரு வேலையும் செய்யாமல், ஃபேனை மட்டும் சுற்றிக்கொண்டு, வருஷக்கணக்கில் உங்களோடு வாழும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியவர்கள் செட்டிங்ஸ் பக்கமே போகாமல் 60-லேயே விட்டுவைத்தால் இந்தப் படியில் முழு மதிப்பெண்.

4. கீபோர்டு என்னும் இலவசம்

இப்போது பாடத்தின் முக்கியப் பகுதிக்கு வந்திருக்கிறோம். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

உங்களுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே நாள் முழுக்க இருப்பது கீபோர்டு ஒன்றுதான். எனவே அதைப் பெட்டியைப் பிரிக்காமலே வாங்குங்கள். கடையில் வைத்துத் தட்டிப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால், ஸ்பேஸ் பாரை மட்டும் ஒரு விரலால் ஒரு முறை அமுக்குங்கள். "நல்லா இருக்கு" என்று சொல்லுங்கள். சேலை எடுக்க மூன்று கடையில் ஐம்பது புடவையைப் பிரித்துப் போட்டவர்கள் நாம். அந்தப் பொறுமையை இங்கே செலவழித்துவிடக்கூடாது.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் ரசிக்க வசதியாக இருக்கும். இலவசக் கீபோர்டைத் திருகு கழற்றித் திறந்தால் மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும். அவற்றில் கோடு கோடாக மின்பாதை. மேலே ஒவ்வொரு கீக்கும் ஒரு ரப்பர் குமிழ். கீயை அடிமட்டம் வரை அமுக்கினால்தான் குமிழ் மடங்கி, தாள்கள் தொட்டு, எழுத்து விழும். ஆகவே அடிமட்டம் வரை அமுக்குங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் மேஜைப் பலகையைக் குத்துங்கள். ஒரு வருஷத்தில் குமிழ் தளர்ந்துவிடும். அப்போது இன்னும் ஓங்கிக் குத்துங்கள்.

எழுத்துகள் எல்லாம் மேலோட்டமாக அச்சடித்தவை. எவை முதலில் அழிகின்றன என்பதை வைத்து அந்த வீட்டில் என்ன மொழி தட்டுகிறார்கள் என்று சொல்லிவிடலாம். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிற வீடுகளில் முதல் பலி 'ஏ'. அடுத்து 'என்', அப்புறம் 'கே'. மூன்றும் வழுவழுவென்று வெறுமையான கறுப்புக் கட்டங்களாக நிற்கும். கவலைப்படாதீர்கள். மகளின் நெயில் பாலிஷை எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் அதுவும் உரிந்து உங்கள் விரலில் ஒட்டும்.

'எஃப்', 'ஜே' இரண்டிலும் ஒரு சின்ன மேடு இருக்கும். ஆள்காட்டி விரல்கள் பார்க்காமலே இடம் பிடிக்க வைத்திருக்கிறார்கள். அதை அச்சுப் பிசகு என்று நினைத்து நகத்தால் சுரண்டிவிடுங்கள். இரண்டே விரலால் தட்டுகிறவருக்கு எல்லா இடமும் ஒன்றுதான்.

கீபோர்டின் பின்புறம் இரண்டு குட்டிக் கால்கள் மடக்கி வைத்திருக்கும். அவற்றைக் கட்டாயம் நிமிர்த்துங்கள். பின்பக்கம் தூக்கிக்கொள்ளும், உங்கள் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும், நாள் முழுக்க மடங்கியே இருக்கும். கால்களை மடக்கித் தட்டையாக வைத்தால் மணிக்கட்டு நேராக இருந்து தொலைக்கும். அப்புறம் எலும்பு டாக்டருக்கு என்ன வேலை?

மவுஸுக்குத் தனி வழிமுறை எதுவும் இல்லை. டைனிங் டேபிள் கண்ணாடியின் மேல் வையுங்கள். ஒளியால் தரையைப் பார்த்து நகரும் மவுஸுக்குக் கண்ணாடி ஆகாது, அம்பு திரையில் துள்ளும். துள்ளல் சலித்துவிட்டால் அடியில் ஒரு கல்யாணப் பத்திரிகையைப் போடுங்கள். ஜிகினா வேலைப்பாடு உள்ள பத்திரிகையாகப் பாருங்கள்.

5. கைவலி வந்ததும் எதிர்ப்பக்கம் பாயுங்கள்

ஒரு நாள் யாரோ மெக்கானிக்கல் கீபோர்டு பற்றிச் சொல்வார்கள். முந்நூறு ரூபாய்க் கீபோர்டிலிருந்து நேராக எட்டாயிரத்துக்குத் தாவுங்கள். நடுவில் ஆயிரத்து இருநூறுக்கு நல்ல சாதாரணக் கீபோர்டு கிடைக்கும் என்பது உங்கள் காதில் விழக்கூடாது.

இதில் ஒவ்வொரு கீக்கும் அடியில் ஸ்பிரிங் வைத்த தனித்தனி ஸ்விட்ச். ஜெர்மனியின் செர்ரி கம்பெனி 1980-களில் கொண்டுவந்த வகையைத்தான் இன்று ஊரெல்லாம் பின்பற்றுகிறார்கள். நிறத்தை வைத்துக் குணம் சொல்வார்கள்: சிவப்பு வழுக்கிக்கொண்டு இறங்கும், பிரவுன் பாதி வழியில் லேசாக இடறும், நீலம் இடறுவதோடு 'டிக்' என்று சத்தமும் போடும். உங்கள் வீட்டில் ஒரே ஒரு படுக்கையறைதான் என்றால் நீலம் எடுங்கள். ராத்திரி பதினொன்றரைக்கு உட்கார்ந்து சங்கத்துக் கணக்கை அடியுங்கள். "ஏங்க, அங்க என்ன பல்லி மாதிரி டிக்கு டிக்குன்னு?" என்று இருட்டிலிருந்து குரல் வரும்போது, ஒரு கீ ஐந்து கோடி முறை அமுக்கினாலும் தாங்கும் என்பதை விளக்கிச் சொல்லுங்கள். ஐந்து கோடி என்ற எண்ணைக் கேட்டதும் அவர்களுக்குத் தூக்கம் முற்றிலும் போய்விடும்.

(இந்த உலகத்தில் ஐபிஎம் 1985-ல் கொண்டுவந்த மாடல் எம் என்ற கீபோர்டைத் தெய்வமாகக் கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏறத்தாழ இரண்டு கிலோ எடை. நாற்பது வருஷத்துப் பழசு இன்றும் வேலை செய்கிறது. அவர்களோடு சேராதீர்கள், ஒருமுறை வாங்கியதோடு கதை முடிந்துவிடும்.)

ஸ்விட்ச் பழகும் முன்பே கீ தொப்பிகளை மாற்ற ஆரம்பியுங்கள். பிறகு ஒயரை. பிறகு அடியில் விரிக்கும் துணியை. எதையும் டைப் செய்ய வேண்டியதில்லை.

6. தமிழில் தட்டுங்கள், ஆனால் கற்றுக்கொள்ளாதீர்கள்

ஒரு வீட்டில் ஒரே கீபோர்டை மூன்று பேர் மூன்று விதமாகப் பயன்படுத்தினால்தான் களை. அப்பா டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் 'யளனக' தட்டி லோயர், ஹையர் முடித்தவர். பழைய தட்டச்சு முறைதான் அவருக்கு வேதம். மகள் 'vanakkam' வழியில் போகிறவள். பையன் மைக்கைத் திறந்து பேசிவிட்டுப் பிழையோடு அனுப்புவான். ஒருவர் எழுந்து அடுத்தவர் உட்காரும்போது லேஅவுட்டை மாற்றிவிட்டு, அதைச் சொல்லாமல் போவது குடும்ப வழக்கமாக இருக்கட்டும்.

தமிழ்99 பக்கம் மட்டும் தலைவைத்தும் படுக்காதீர்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பின் தமிழக அரசு ஏற்ற முறை அது. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று, ஆக 31 எழுத்துகளுக்கு இடம். உயிரெல்லாம் இடக்கையில், மெய்களில் பெரும்பாலானவை வலக்கையில். அடிக்கடி வரும் க, ப, ம, த நான்கும் விரல் தானாக உட்காரும் நடுவரிசையில். 'க'வை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். 'வணக்கம்' என்பதற்கு ஆறு தட்டு. ஆங்கில எழுத்து வழியில் எட்டு, 'ண'வுக்காக ஷிஃப்டையும் சேர்த்தால் ஒன்பது. விண்டோஸிலேயே இந்த முறை உள்ளே இருக்கிறது, காசும் கிடையாது. இதை ஒரு பத்து நாள் பழகினீர்கள் என்றால், 'தமிழ்ல டைப் பண்றது ரொம்பக் கஷ்டம்ங்க' என்று சொல்லும் உரிமையை நிரந்தரமாக இழந்துவிடுவீர்கள். யோசித்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பதிலாக, 'ந'வுக்கு டபிள்யூ, 'ழ'வுக்கு இசட் என்று நெட்டுருப் போடுங்கள். அப்படியும் 'பள்ளி'யைப் 'பல்லி' ஆக்கி ஹெட்மாஸ்டருக்குக் கடிதம் அனுப்புங்கள்.

நம் ஊர்க் கீபோர்டுகளில் 4 என்ற கீயின் மூலையில் ₹ என்று ஒரு குறி அச்சடித்திருக்கும். தமிழரான உதயகுமார் வடிவமைத்து 2010 ஜூலையில் மத்திய அரசு ஏற்றுக்கொண்ட அதே குறிதான். அதை அலங்காரம் என்று நம்புங்கள். விண்டோஸில் 'இங்கிலீஷ் – இந்தியா' லேஅவுட்டை வைத்துக்கொண்டு வலது ஆல்ட்டோடு 4-ஐ அமுக்கினால் குறி விழுந்துவிடும் என்பதால், லேஅவுட்டை அமெரிக்காவிலேயே விட்டுவையுங்கள். பில்லில் 'ரூ.' போட்டுக்கொள்ளலாம்.

7. டீ குடியுங்கள்

கீபோர்டின் இடப்பக்கம், முழங்கைக்கு நேராக, டபரா இல்லாத டம்ளரில். கூடவே ஒரு தட்டு மிக்சர். மிக்சரை ஏன் சொல்கிறேன் என்றால், பிஸ்கட் தூளைக் கவிழ்த்துத் தட்டினால் விழுந்துவிடும். ஓமப்பொடி விழாது. கீக்கும் கீக்கும் நடுவே குறுக்காகச் சிக்கி, அமுக்க அமுக்கப் பொடியாகி உள்ளே இறங்கும். பேக்ஸ்பேஸுக்கு அடியில் அரை நிலக்கடலை போய் உட்கார்ந்துவிட்டால், நீங்கள் செய்த தப்பை அழிக்கவே முடியாது.

டீ கொட்டியதும் செய்யக்கூடாதவை: ஒயரைப் பிடுங்குவது, கீபோர்டைச் சட்டென்று கவிழ்ப்பது. இரண்டும் செய்தால் அது பிழைத்துக்கொள்ளும். முதலில் "ஐயையோ" என்று கத்துங்கள். பிறகு துண்டைத் தேடிப் போங்கள். துண்டால் ஒற்றி எடுக்காமல், தேய்த்து உள்ளே அனுப்புங்கள். டீத்தண்ணி காய்ந்துவிடும்; பாலும் சர்க்கரையும் காயாது. மறுநாள் ஸ்பேஸ் பார் அமுக்கினால் இறங்கும், ஆனால் யோசித்து யோசித்துத்தான் மேலே வரும். அதற்கடுத்த நாள் எறும்பு வரும். எறும்புச் சாக்பீஸால் கீபோர்டைச் சுற்றி ஒரு கட்டம் போடுங்கள். உள்ளே இருக்கிற எறும்புகள் இனி வெளியே போக முடியாது.

8. சிபியுவுக்கு மூச்சு முட்டட்டும்

அந்தப் பெரிய பெட்டிக்கு நம் ஊரில் சிபியு என்றுதான் பெயர். உண்மையான சிபியு உள்ளே தீப்பெட்டி அளவுதான் என்று திருத்துகிறவர்களோடு பழகாதீர்கள்.

தச்சரிடம் சொல்லி, கதவு வைத்த ஒரு அலமாரிக்குள் அதை வையுங்கள். கதவைச் சாத்துங்கள். மே மாதம், சென்னை, வெளியே நாற்பது டிகிரி. பிராசஸர் நூறு டிகிரியை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டு உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும். "வாங்கினப்ப நல்லா ஓடிச்சு, இப்ப ஸ்லோவாயிடுச்சு" என்று நீங்கள் சொல்வது இதைத்தான். காரணம் வைரஸ் என்று முடிவு கட்டி, ஆன்டிவைரஸுக்குப் பணம் கட்டுங்கள். ராத்திரி ஆஃப் செய்ததும் சூடு ஆறுவதற்குள் பூப்போட்ட துணிக்கவரைப் போட்டு மூடிவிடுங்கள்.

9. மின்சாரத்தோடு விளையாடுங்கள்

சொருகுவதற்கு முன் பிளக்கின் மூன்றாவது பின்னைப் பாருங்கள். தடியாக, மற்ற இரண்டையும்விட நீளமாக, இடைஞ்சலாக இருக்கும். வீட்டு போர்டில் ரெண்டு பின் ஓட்டைதான் காலியாக இருக்கிறதா? ஒரு கன்வெர்ட்டரைப் போட்டு எர்த்தைத் துண்டித்துவிடுங்கள். இனி பெட்டியின் தகட்டை வெறுங்காலோடு தொட்டால் ஜிவ்வென்று இருக்கும். மெஷினில் கோளாறு என்று பயப்படாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டும் பகுதியிலிருந்து கசியும் கொஞ்ச மின்சாரம் எர்த் வழியே போக வேண்டும். வழியை நீங்கள் அடைத்துவிட்டதால் தகட்டில் 230 வோல்ட்டில் பாதி வந்து உட்கார்ந்திருக்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போட்டால் சரியாகிவிடும். நீங்கள் செருப்பு போட்டுக்கொண்டு உட்காருங்கள். நம் வீடுகளில் கம்ப்யூட்டர் டேபிளுக்கு அடியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு நிரந்தரமாகக் கிடப்பது இப்படித்தான்.

யுபிஎஸ் 600 விஏ வாங்குங்கள். 600 என்றால் 600 வாட் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் பின்னால் பொடி எழுத்தில் 360 வாட் என்று போட்டிருப்பதைப் படிக்காதீர்கள். கம்ப்யூட்டரோடு பிரிண்டரையும், முடிந்தால் டேபிள் ஃபேனையும் அதிலேயே மாட்டுங்கள். உள்ளே இருப்பது 12 வோல்ட் பேட்டரி. இரண்டு மூன்று வருஷத்தில் அதன் காலம் முடியும். முடிந்ததும் கரண்ட் போன அதே நொடியில் கம்ப்யூட்டரும் போகும், யுபிஎஸ் மட்டும் 'கீ கீ' என்று ஒப்பாரி வைக்கும். பேட்டரியை மாற்றாதீர்கள். திறந்து, சத்தம் போடும் அந்தச் சின்ன வட்டத்தைப் பிடுங்கிவிடுங்கள்.

10. ஆயுத பூஜை

வருஷத்தில் கம்ப்யூட்டரைத் துடைக்கும் ஒரே நாள். ஈரத்துணியால் துடையுங்கள், திரையையும் சேர்த்து. பிறகு சந்தனம். திரையின் நட்டநடுவில் வைத்தால்தான் வைத்த மாதிரி இருக்கும். குங்குமத்தைப் பவர் பட்டன் மேல் வையுங்கள். கொஞ்சம் உள்ளே இறங்கட்டும். பொரி, கடலையைக் கீபோர்டின் மேலேயே படையுங்கள், ஏழாவது படியில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

11. நீங்களே ரிப்பேர் செய்யுங்கள்

பெட்டி ஆன் ஆகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது, உள்ளே 'பீப்' சத்தம். பையனின் பென்சில் பாக்ஸிலிருந்து ரப்பரை எடுங்கள். ரேமைக் கழற்றி, அதன் தங்க நிற விளிம்பை ரப்பரால் தேய்த்து, துகளை ஊதித் துடைத்து, மறுபடி சொருகுங்கள். எச்சரிக்கை: இது பல சமயம் உண்மையிலேயே வேலை செய்யும். தொடுமுனையில் படிந்த அழுக்கு போய்விடும் என்பதுதான் காரணம். இப்படி ஒரு நல்ல யோசனை இந்த வழிகாட்டியில் எப்படி நுழைந்தது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

தினமும் காலையில் தேதி பழைய வருஷத்துக்குப் போய்விடுகிறதா? பேங்க் வெப்சைட் திறக்க மறுக்கிறதா? மதர்போர்டில் இருக்கும் காசு போன்ற 3 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிட்டது. பெயர் சிஆர்2032, வாட்ச் கடையில்கூடக் கிடைக்கும், விலை ஒரு பிளேட் பஜ்ஜியளவுதான். வாங்காதீர்கள். தினமும் குளித்துவிட்டு வந்து தேதியைக் கையால் மாற்றுங்கள்.

12. பிரிண்டர்

இருப்பதிலேயே விலை குறைந்ததை வாங்குங்கள். கார்ட்ரிட்ஜ் விலையை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். வருஷத்துக்கு ஒரே ஒரு முறை, மகளின் ஹால் டிக்கெட்டை எடுக்க, பரீட்சை அன்று காலை ஆறரை மணிக்கு ஆன் செய்யுங்கள். இங்க் முனையில் காய்ந்து போயிருக்கும். பெயரும் போட்டோவும் கோடு கோடாக வரும். ஜெராக்ஸ் கடையை ஒன்பது மணிக்குத்தான் திறப்பார்கள்.

13. டி டிரைவ்

கல்யாண ஆல்பம், பிள்ளையின் முதல் பிறந்தநாள் வீடியோ, பத்திரங்களின் ஸ்கேன், வருமான வரிக் கணக்கு எல்லாவற்றையும் டி டிரைவுக்கு மாற்றுங்கள். "முக்கியமானதெல்லாம் டி-ல போட்டு வச்சிருக்கேன், பயமே இல்ல" என்று நாலு பேரிடம் சொல்லுங்கள். சி என்பதும் டி என்பதும் ஒரே டிஸ்கின் நடுவே போட்ட கோடு, டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும் என்று யாராவது ஆரம்பித்தால் பேச்சை மாற்றுங்கள். விண்டோஸ் கெட்டுப்போய் ஃபார்மட் செய்தால் டி தப்பிக்கும் என்பது உண்மை. அந்த ஒரு உண்மையை வைத்துக்கொண்டு பதினைந்து வருஷம் ஓட்டலாம்.

வெளியே தனி டிஸ்க் வாங்கி காப்பி எடுத்து வைக்கச் சொல்வார்கள். ஆசைக்கு ஒன்று வாங்குங்கள். வாங்கியதும் காப்பி எடுப்பதற்குப் பதிலாக, இடம் பற்றவில்லை என்று ஃபைல்களை அதற்கே வெட்டி ஒட்டுங்கள். இப்போதும் ஒரே பிரதிதான், ஆனால் மேஜை விளிம்பில், குழந்தை இழுக்க வசதியான ஒரு ஒயரோடு.

ஒரு நாள் 'டக், டக்' என்று சத்தம் வரும். டேட்டா ரெக்கவரி கடையில் டிஸ்கைக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, திறந்து பார்த்தால்தான் தெரியும் என்பார்கள். சொல்லும் தொகை பல ஆயிரங்களில் இருக்கும். வந்தாலும் வரும், வராமலும் போகும். அந்தத் தொகையில் நல்ல கீபோர்டு ஒன்று, யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி, வெளி டிஸ்க் இரண்டு, எலக்ட்ரீஷியன் கூலி எல்லாம் அடங்கியிருக்கும். ஆனால் அவை எதுவும் இந்த வழிகாட்டியின் பாடத்திட்டத்தில் இல்லை. தேவைப்படுகிறவர்கள் வேறு வழிகாட்டியைப் பார்த்துக்கொள்ளவும்.